மேரி கட்டடம் எழும்பிடுச்சு, மேர் எங்க?

குருசுக்குப்பம்காரன்
5 ஜனவரி 2025, காலை 8:10

எல்லாருக்கும் வணக்கம். நான் பொறந்து வளர்ந்தது பாண்டிச்சேரி குருசுக்குப்பம். 1996ல பாரிஸுக்கு வடக்கே ஒரு புறநகர்ல குடியேறினேன். கல்யாணம், ரெண்டு பிள்ளைங்க, வேலை, வீட்டுக் கடன் எல்லாம் அங்கதான். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அம்மாவைப் பார்க்க வருவேன். இந்தத் தடவை பெஞ்சல் புயல் அடிச்ச மறு மாசமே வந்துட்டேன்.

வர்றப்பல்லாம் தெரிஞ்சவங்க கேக்கறது ஒண்ணுதான். "அங்கெல்லாம் ரொம்பச் சுத்தமாமே? ஜனங்க ஒழுங்கா இருப்பாங்களாமே?" ஏதோ சொல்லிச் சமாளிச்சுட்டுப் போவேன். இந்தத் தடவை நேரா எழுதிடறேன்.

ஜனங்க நம்மள மாதிரிதான். 2023 மார்ச்ல, ஓய்வு வயசை 62ல இருந்து 64க்கு ஏத்தறாங்கன்னு பாரிஸ்ல குப்பை அள்றவங்க ஸ்டிரைக் பண்ணாங்க. பத்தாயிரம் டன் கிட்ட தெருவுல தேங்கிச்சு. என் பொண்ணு அப்ப வாடகைக்கு இருந்த தெருவுல மூட்டை நெஞ்சு உயரத்துக்கு நின்னுச்சு. அந்தத் தெருக்காரங்க வந்து மூட்டை மேல மூட்டையா வீசிட்டுப் போனாங்க. ஒழுக்கம் ரத்தத்துல வர்றதில்ல. வண்டி வந்தா தெரு சுத்தம், வரலேன்னா நாத்தம். பாரிஸ்லயும் அதான், பாண்டியிலயும் அதான்.

அப்ப வித்தியாசம் எங்க இருக்குன்னா, வண்டி வரலேன்னா யாரைப் போய்க் கேக்கணும்னு அங்க எனக்குத் தெரியும். மேரிக்கு, அதாவது ஊர் நகராட்சி ஆபீசுக்குப் போவேன். வீட்டுல இருந்து நடந்தா பத்து நிமிஷம். என் பசங்க பிறப்பு அங்கதான் பதிவாச்சு. ஸ்கூல் சாப்பாட்டுக்கு என் சம்பளத்தைப் பார்த்து விலை போட்டது அங்கதான். பொண்ணு கல்யாணத்தை மேர், அதாவது நகராட்சித் தலைவர்தான் எழுந்து நின்னு சட்டத்தைப் படிச்சு நடத்தி வெச்சார். கவுன்சில் கூட்டம் மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது கூடணும்னு சட்டம். யார் வேணும்னாலும் பின்னால உக்காந்து கேக்கலாம், நானும் உக்காந்திருக்கேன். ஒரு ராத்திரி முழுக்க ஸ்கூல் கக்கூஸ் பத்தித்தான் பேசினாங்க. எதிர்க்கட்சி அம்மா ஒருத்தங்க விடாம கேட்டாங்க. மேருக்கு வேர்த்துடுச்சு. பதில் சொல்லாம அவரால வீட்டுக்குப் போக முடியல. பிரான்ஸ்ல இப்படி ஏறக்குறைய 35,000 கொம்யூன், அதாவது தனி உள்ளாட்சி இருக்குது. நூறு பேர் இருக்கற கிராமத்துக்கும் மேர் உண்டு.

நேத்துக் காலையில பீச் ரோட்டுல நடந்தேன். நம்ம பாண்டி மேரி கட்டடத்துக்கு எதிர்ல ரொம்ப நேரம் நின்னேன். 1870 வாக்குல கட்டினது. 2014 நவம்பர் மழையில இடிஞ்சு விழுந்துச்சு, தெரியும் உங்களுக்கு. திரும்ப அதே மாதிரி கட்டி 2021ல திறந்தாங்க. தூண், ஜன்னல் எல்லாம் அப்படியே வந்துடுச்சு. மேர் மட்டும் வரல.

புதுச்சேரியில உள்ளாட்சித் தேர்தல் 1968ல நடந்துச்சு. அடுத்தது 2006ல. நடுவுல 38 வருஷம். 2006ல ஜெயிச்சவங்க காலம் 2011ல முடிஞ்சது. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் இல்ல. போன மாசம் பெஞ்சல்ல என் தங்கச்சி ரெயின்போ நகர்ல இடுப்பளவு தண்ணியில மாமியாரைக் கட்டில் மேல ஏத்தி வெச்சுட்டு உக்காந்திருந்தா. நான் பாரிஸ்ல இருந்து நாலு நம்பருக்குப் போன் போட்டேன். ஒவ்வொருத்தரும் இன்னொரு நம்பர் கொடுத்தாங்க. அஞ்சாவது நம்பர் எடுக்கவே இல்ல. அந்த வார்டுக்கு ஒரு கவுன்சிலர் இருந்திருந்தா பேரைச் சொல்லித் திட்டவாவது முடிஞ்சிருக்கும்.

1880லயே இந்த ஊருக்கு கொம்யூன் வந்துடுச்சு. அன்னிக்கு இருந்தது இன்னிக்கு இல்லையேன்னு எனக்கு வயிறு எரியுது. உங்க கருத்து என்ன?


முத்தியால்பேட்டை டீச்சர்
5 ஜனவரி 2025, இரவு 9:25

சார், ஸ்கூல் கக்கூஸ் பத்தி ராத்திரி முழுக்கப் பேசினாங்கன்னு எழுதினீங்களே, அதைப் படிச்சு ஏங்கினேன். அதை மறைக்க மாட்டேன். ஆனா மூணு விஷயத்துல உங்களோட ஒத்துப்போக முடியல.

முதல்ல 1880. அந்தக் கொம்யூன்ல யார் யாருக்கு ஓட்டு இருந்துச்சுன்னு பார்த்தீங்களா? 1884ல இருந்து வாக்காளர் பட்டியல் மூணு. ஐரோப்பியனுக்கு ஒண்ணு. தமிழ்ச் சட்டத்தை விட்டுட்டு பிரெஞ்சுச் சட்டத்தை ஏத்துக்கிட்ட ரெனோன்சானுக்கு ஒண்ணு. மீதி இருந்த அத்தனை தமிழனுக்கும் சேர்த்து ஒண்ணு. விரல் விட்டு எண்ணக்கூடிய வெள்ளைக்காரனுக்கும் லட்சக்கணக்கான நமக்கும் ஒரே எடை. தேர்தல் நாள்ல அடியாள், சாராயம், ஓட்டுப்பெட்டி தூக்கறது. அந்தக் காலத்தை நினைச்சு வயிறு எரியத் தேவையில்ல.

ரெண்டாவது, பெஞ்சல். ஒரே நாள்ல ஏறக்குறைய 48 செ.மீ. மழை. ராணுவமே வந்து கிருஷ்ணா நகர்ல ஜனங்களைப் படகுல ஏத்துச்சு. உங்க மேரியால அந்தத் தண்ணியை உறிஞ்ச முடியுமா? எங்க தெருவுல மறுநாள் விடியக்காலம் அஞ்சு மணிக்கு ரெண்டு துப்புரவுப் பொம்பளைங்க வந்து நின்னாங்க. அவங்க வீட்டுலயும் தண்ணி. அடைச்சிருந்த வாய்க்காலைக் கையாலயே கிளறி விட்டாங்க. அந்த ரெண்டு பேரைப் பத்தி ஒரு வரி எழுதிட்டு அப்புறம் ஊரைக் குறை சொல்லுங்க.

மூணாவதைத்தான் முக்கியமா கேக்கறேன். குருசுக்குப்பத்துலயும் வைத்திக்குப்பத்துலயும் மாச வாடகைக்கு வீடு கிடைக்குதா? எங்க ஸ்கூல்ல படிச்ச மீனவப் பசங்க குடும்பம் குடும்பமா போயிட்டாங்க. வீடெல்லாம் நாள் வாடகை. சனி ஞாயிறு சென்னை, பெங்களூரு கார். அந்த வீடுகள்ல பாதி யாரோடது? யூரோவுல சம்பாதிச்சு இங்க வாங்கிப் போட்டவங்களோடது. கவுன்சிலர் இல்லேன்னு அழறீங்க. வார்டுல குடியிருக்கறவனே இல்லேன்னா கவுன்சிலருக்கு யார் ஓட்டுப் போடறது?


சொல்தா பேரன்
5 ஜனவரி 2025, இரவு 11:02

டீச்சர் கோபம் நியாயம். ஆனா யூரோன்னாலே வாடகை ஏத்தறவன்னு ஒரே அடியா அடிக்காதீங்க.

எங்க தாத்தா பிரெஞ்சு ராணுவத்துல சொல்தாவா, அதாவது சிப்பாயா, இந்தோசீனா போய் வந்தவர். 1962ல பாண்டியை இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் அமலானப்போ ஆறு மாசம் டைம் கொடுத்தாங்க, பிரெஞ்சு பிரஜையா இருக்கேன்னு எழுதிக் கொடுத்துட்டார். அந்த ஒரு கையெழுத்துல அப்பாவும் நானும் பிரெஞ்சு. பாட்டி விதவைப் பென்ஷன்லதான் நாங்க ஏழு பேர் சாப்பிட்டோம். நான் பாண்டியை விட்டு ரெண்டு மாசம் சேர்ந்தாப்புல எங்கயும் இருந்ததில்ல. லிசேல (பிரெஞ்சு ஸ்கூல்ல) படிச்சேன், பெரிய மார்க்கெட்ல மீன் வாங்கறேன், ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாள் பட்டாசும் பார்க்கறேன், ஆகஸ்ட் 15 கொடியும் பார்க்கறேன்.

2022ல பிரான்ஸ் ஜனாதிபதிக்கு இங்க பாண்டியிலயே ஓட்டுப் போட்டேன். நான் கண்ணால பார்க்காத பாரிஸ்ல யார் உக்காரணும்னு சொல்ற உரிமை எனக்கு இருக்குது. என் வீட்டு எதிர் வாய்க்காலை யார் தூர் வாரணும்னு சொல்ற உரிமை இல்ல. இது எனக்கு ராத்திரி தூக்கத்துலயும் வர்ற விஷயம்.


குருசுக்குப்பம்காரன்
6 ஜனவரி 2025, காலை 7:40

டீச்சர், மூணு பட்டியல் விஷயம் நீங்க சொன்னது சரி. அதைச் சொல்லாம 1880ஐப் பெருமையா எழுதினது என் தப்பு. அந்தத் துப்புரவு அம்மாங்களைப் பத்தியும் ஒத்துக்கறேன். நான் சொல்றதும் அவங்களுக்காகத்தான். அவங்க கையால கிளற வேண்டி வந்ததுக்கு யார் பொறுப்புன்னு கேக்க ஒரு ஆள் வேணும்.

ஒரு உதாரணம் சொல்றேன். எங்க குப்பத்துக்கு முன்னாடி மணல் இருந்துச்சு. நான் பையனா இருந்தப்போ கட்டுமரம் இழுத்து ஏத்தி, வலை காயப்போட்டு, சாயங்காலம் பந்து விளையாட இடம் இருந்துச்சு. 1980களோட கடைசியில தெற்கே துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டினாங்க. கரையோரமா தெற்குல இருந்து வடக்கே நகர்ற மணல் அங்கயே நின்னுடுச்சு. நமக்கு வர வேண்டிய மணல் வரல. கடல் தின்னுடுச்சு. இப்ப கருங்கல்தான். அந்தக் கல்லு மேல ஏறித்தான் என் சித்தப்பா மகன் போட்டுக்குப் போறான். துறைமுகம் கட்டின அத்தனை வருஷமும் இந்த ஊருக்குத் தேர்தல்ல ஜெயிச்ச நகராட்சியே கிடையாது. "மணல் என்ன ஆகும்?"னு கேக்க குப்பத்துக்கு ஒரு நாற்காலி இல்ல.


லாஸ்பேட்டை 605008
6 ஜனவரி 2025, காலை 9:15

அப்ப சட்டசபை இருந்துச்சே சார். 1963ல இருந்து இருக்குது. எம்.எல்.ஏ. கேக்கலேன்னா கவுன்சிலர் கேட்டிருப்பாரா?


காரைக்கால் பொண்ணு, பாரிஸ்
6 ஜனவரி 2025, மாலை 6:30

அண்ணா, நானும் உங்க பக்கத்துலதான் இருக்கேன். 1999ல கல்யாணமாகி வந்தேன். முதியோர் இல்லத்துல வேலை, இருபத்திமூணு வருஷமா. நீங்க எழுதின பிரான்ஸும் நான் பார்க்கற பிரான்ஸும் ஒண்ணா இல்ல. பாண்டியில இருக்கறவங்க உங்க எழுத்தை மட்டும் படிச்சுட்டு ஏமாறக் கூடாதுன்னு எழுதறேன்.

2003 ஆகஸ்ட். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம். வெயில் 40 டிகிரி. நம்ம ஊருக்கு அது பெரிசில்ல, அங்க வீடுங்க குளிருக்குக் கட்டினது, மின்விசிறி கூட இருக்காது. பதினஞ்சாயிரம் பேர் கிட்ட செத்தாங்க. முக்கால்வாசி வயசானவங்க. பிள்ளைங்க லீவுல கடற்கரைக்குப் போயிட்டாங்க, டாக்டருங்களும் லீவு. எங்க இல்லத்துல ஈரத்துணியைப் பிழிஞ்சு பிழிஞ்சு போர்த்தினோம். அப்படியும் ஒரே வாரத்துல நாலு பேரை இழந்தோம். இல்லத்துல இருந்தவங்களுக்காவது நாங்க இருந்தோம். நாலாவது மாடியில தனியா கதவைச் சாத்திக்கிட்டு இருந்தவங்களை நாத்தம் வந்த பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரங்க தேடினாங்க. வாங்க ஆளில்லாத உடம்புகளை ஊரே அடக்கம் பண்ணுச்சு. அத்தனை பேர் வீட்டுக்கும் பத்து நிமிஷ நடையில ஒரு மேரி இருந்துச்சு அண்ணா. முத்தியால்பேட்டையில ஒரு கிழவி ரெண்டு நாள் வெளிய வரலேன்னா தெருவே கதவைத் தட்டாதா?

அடுத்தது டாக்டர். போன மாசத்துல இருந்து சாதாரண டாக்டருக்கு 30 யூரோ. அதுல 70 சதவீதம் அரசுக் காப்பீடு திருப்பித் தரும், மிச்சத்தை நாம காசு கட்டற தனிக் காப்பீடு பார்த்துக்கும். கேக்க நல்லா இருக்குது. டாக்டர் கிடைச்சாத்தானே? எங்க டாக்டர் ஓய்வு பெற்றுட்டார், அவர் இடத்துக்கு யாரும் வரல. புதுசா யாரையும் சேர்க்க மாட்டோம்னு ஏழு கிளினிக்ல சொல்லிட்டாங்க. கண்ணுக்கு அஞ்சு மாசம் கழிச்சு நாள் கொடுத்தாங்க. எங்க அம்மாவுக்குக் காரைக்கால்ல இருந்து ஜிப்மர் போயி ஒரு வாரத்துல கண்புரை எடுத்துட்டு வந்தாங்க. கூட்டம், வரிசை, தரையில படுக்கை எல்லாம் உண்டுதான். ஆனா வைத்தியம் நடந்துடுச்சு.

கடைசியா அந்த மேரி. எங்க ஊர் மேரியில எனக்கு ஓட்டு இல்ல. இந்தியப் பாஸ்போர்ட்டை விட மனசு வரல, பத்து வருஷக் குடியிருப்புக் கார்டுலதான் இருக்கேன். ஐரோப்பிய யூனியன் நாட்டுக்காரன் நேத்து வந்திருந்தாலும் முனிசிபல் தேர்தல்ல ஓட்டுப் போடலாம். இருபத்திமூணு வருஷமா அவங்க அப்பா அம்மாவைக் குளிப்பாட்டி விடற நான் போட முடியாது. என் சம்பளத்துல நாலுல ஒரு பங்கு கிட்ட கைக்கு வர்றதுக்கு முன்னாடியே பிடிச்சுடுவாங்க. அதுக்கு மட்டும் பாஸ்போர்ட் கேக்கறதில்ல.


குருசுக்குப்பம்காரன்
6 ஜனவரி 2025, இரவு 8:05

தங்கச்சி, நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். 2003ல நானும் அங்கதான் இருந்தேன். எங்க மாடியில ஒரு கிழவர். அவர் செத்துக் கிடந்தது பதினஞ்சாம் தேதிதான் தெரிஞ்சுது. படிக்கட்டுல பார்த்தா "போன்ழூர்" சொல்வேன், அவ்வளவுதான் என் உறவு. நானும் தட்டல.

ஆனா அதுக்கப்புறம் நடந்ததையும் சொல்லணும். 2004ல சட்டம் வந்துச்சு. தனியா இருக்கற வயசானவங்க, உடம்பு முடியாதவங்க பேரை ஒவ்வொரு மேரியும் பதிஞ்சு வைக்கணும். வெயில் எச்சரிக்கை வந்தா அந்தப் பட்டியலை வெச்சு போன் பண்ணணும். எங்க மேரியில நான் ரெண்டு கோடை காலம் தன்னார்வலா உக்காந்து போன் போட்டிருக்கேன். தப்பு நடந்துச்சு, அந்தத் தப்புக்கு ஒரு வடிவம் கொடுத்து யாரோ ஒருத்தர் தலையில கட்டினாங்க. பெஞ்சல் முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு. ரெயின்போ நகர்ல நடமாட முடியாத கிழவிங்க எத்தனை பேர்னு ஒரு பட்டியல் எங்கயாவது இருக்குதா? அடுத்த மழைக்குள்ள யார் எழுதப் போறாங்க?


காரைக்கால் பொண்ணு, பாரிஸ்
6 ஜனவரி 2025, இரவு 9:50

பட்டியல் நல்லதுதான் அண்ணா. ஆனா அந்தப் பட்டியல்ல பேர் சேர்க்கணும்னா அவங்களே கேக்கணும், இல்ல அவங்களைத் தெரிஞ்ச யாராவது கேக்கணும். யாருமே இல்லாதவங்களுக்கு யார் கேப்பாங்க? நான் பார்த்துக்கிட்டவங்கள்ல நிறைய பேருக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. நீங்க போன் போட்டது பெரிய விஷயம், அதுல குறை சொல்லல. போன் எடுக்காதவங்களைத்தான் நான் நினைக்கறேன்.


பாகூர் நெல்லு
7 ஜனவரி 2025, காலை 6:20

எல்லாரும் டவுன் கதையே பேசறீங்க. சாத்தனூர்ல தண்ணி திறந்து தென்பெண்ணை எங்க வயல்ல வந்து உக்காந்துச்சு. கதிர் வர்ற நேரம். ஒன்றரைக் காணி அழுகிப்போச்சு. கணக்கெடுக்க வந்தவர் ரோட்டு மேலயே நின்னு எழுதிட்டுப் போனார், உள்ள இறங்கல. எங்க ஆபீஸ் போர்டுல இன்னிக்கும் கொம்யூன் பஞ்சாயத்துன்னுதான் எழுதியிருக்குது. பஞ்சாயத்துன்னு பேர், அஞ்சு பேர் உக்காரணும் இல்ல? ஒருத்தரும் இல்ல. கேக்கறதுன்னா யார்கிட்ட கேக்கறது?


கடலூர் ஓ.டி.
7 ஜனவரி 2025, மதியம் 1:15

கடலூர்க்காரன் உள்ள வரலாமா? இருபத்தஞ்சு கிலோமீட்டர்தான், அதே ஆத்துத் தண்ணிதான்.

உங்களுக்கு இல்லாதது எங்களுக்கு இருக்குது. கடலூர் 2021ல மாநகராட்சி ஆச்சு. 2022 பிப்ரவரியில ஓட்டுப் போட்டோம். மேயர் இருக்காங்க, வார்டுக்கு வார்டு கவுன்சிலர் இருக்காங்க. அப்படியும் டிசம்பர்ல ஆல்பேட்டையில என் அக்கா வீட்டுக்குள்ள தண்ணி ஜன்னல் வரைக்கும் ஏறுச்சு. அணையைத் திறக்கறதுக்கு எந்த மேயரையும் கேக்கறதில்ல. தேர்தல் வந்தா பாண்டி பாரிஸ் ஆயிடும்னு யாரும் நம்பிக்கிட்டு இருக்காதீங்க.

ஆனா இதையும் சொல்லணும். எங்களுக்கும் நடுவுல 2016 அக்டோபர்ல இருந்து 2022 வரைக்கும் யாருமே இல்ல. தனி அதிகாரிதான். அந்த அஞ்சு வருஷத்துல எங்க சந்து லைட்டு எரியலேன்னு நான் ஆறு மனு கொடுத்தேன். ஆறுக்கும் ரசீது இருக்குது, லைட்டு இல்ல. இப்ப கவுன்சிலர் வீடு மூணாவது தெரு. அவர் என் கட்சியும் இல்ல, எனக்குப் பிடிச்ச ஆளும் இல்ல. ராத்திரி பத்து மணிக்குப் போய்க் கதவைத் தட்டினேன், லுங்கியோட வந்து நின்னார், மறுநாள் சாயங்காலம் லைட்டு வந்துடுச்சு. வெள்ளத்தப்போ அக்கா ஏரியாவுல படகு எந்தத் தெருவுக்கு முதல்ல போகணும்னு சொன்னது அந்த வார்டு ஆள்தான். டயாலிசிஸ் பண்றவர் எந்த வீட்டுல இருக்கார்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. வெளியூர்ல இருந்து வந்த மீட்புக்காரங்களுக்கு அது எப்படித் தெரியும்?

பெரிய தண்ணியை நிறுத்த முடியாது. சின்ன விஷயம் நடக்கும். அந்தச் சின்ன விஷயத்துல ஒரு உயிர் இருந்தா அது சின்ன விஷயமா?


முத்தியால்பேட்டை டீச்சர்
7 ஜனவரி 2025, இரவு 10:10

கடலூர் தம்பி எழுதினதுதான் எனக்குப் புரியற பாஷையில இருந்துச்சு. டயாலிசிஸ் வீடு. எங்க தெருவுலயும் ரெண்டு பேர் இருக்காங்க.

தேர்தல் வேண்டாம்னு நான் எங்கயும் சொல்லல. ஏன் வரலேன்னு யாரும் பேசலையே, அதைச் சொல்றேன். புதுச்சேரியில மொத்தம் பத்து லட்சம் வாக்காளர், ஜெயிச்சு வர்ற எம்.எல்.ஏ. 30 பேர். ஒருத்தருக்கு முப்பதாயிரம் சொச்சம் ஓட்டு. தமிழ்நாட்டுல ரெண்டு லட்சத்துக்கு மேல ஓட்டு இருக்கற தொகுதி ஏராளம். அதனால இங்க எம்.எல்.ஏ.வே கவுன்சிலர் வேலையைப் பார்க்கறார். காதுகுத்துக்கு வர்றார், சாவுக்கு மாலை போடறார், தெரு லைட்டு, வாய்க்கால், முதியோர் பென்ஷன் கையெழுத்து எல்லாம் அவர்கிட்டதான். அந்தச் செல்வாக்கை வார்டுக்கு ஒருத்தர்னு பிச்சுக் கொடுக்க எந்தக் கட்சிக்கு மனசு வரும்? ஆளுங்கட்சி மாறி மாறி வந்துச்சு, எல்லா ஆட்சியிலயும் இதுதான் நிலைமை. நாமளும் ஒண்ணும் சும்மா இல்ல. எம்.எல்.ஏ. வீட்டு வாசல்ல நின்னா வேலை முடியுதுன்னு பழகிட்டோம். அவருக்கு ஓட்டுப் போடாதவன் வாசலுக்கே போக முடியாது, அதை யாரும் பேசறதில்ல.

இன்னொண்ணு. இந்தப் பக்கத்துல எழுதறவங்களைப் பாருங்க. குருசுக்குப்பம் சாருக்கு பாரிஸ்ல ஓட்டு, இங்க இல்ல. சொல்தா பேரனுக்குப் பாரிஸ் ஜனாதிபதிக்கு ஓட்டு, சொந்தத் தெருவுக்கு இல்ல. காரைக்கால் தங்கச்சிக்கு வாழற ஊர்ல இல்ல. எனக்கு இந்தியப் பாஸ்போர்ட், இந்திய ஓட்டு, ஐம்பத்திமூணு வயசு. இந்த ஊர் உள்ளாட்சிக்கு நான் வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் ஓட்டுப் போட்டிருக்கேன், 2006ல. என் பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா, அவ ஒரு தடவை கூடப் போட்டதில்ல.

சார், என் மூணாவது கேள்விக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல. ரெண்டு தடவை எழுதினீங்க. மணல் சொன்னீங்க, பட்டியல் சொன்னீங்க. வாடகை பத்தி ஒரு வார்த்தை இல்ல.


சொல்தா பேரன்
8 ஜனவரி 2025, காலை 10:30

டீச்சர் சொன்ன எம்.எல்.ஏ. கணக்கு நூத்துக்கு நூறு. அதோட ஒண்ணைச் சேர்த்துக்கங்க. மேல துணைநிலை ஆளுநர், அதுக்கு மேல டெல்லி. எங்க எம்.எல்.ஏ.க்களே எங்களுக்கு அதிகாரம் இல்லேன்னு மாநில அந்தஸ்து கேக்கறாங்க. டெல்லி எங்களுக்குத் தரலேன்னு கேக்கற அதே வாய், வார்டுக்குத் தர மாட்டேங்குது. மாநில அந்தஸ்து கேக்கற ஊர்வலத்துக்கு நான் போயிருக்கேன். அடுத்த தடவை போனா உள்ளாட்சித் தேர்தலையும் அட்டையில எழுதி எடுத்துட்டுப் போவேன். எனக்கு ஓட்டு இல்லேன்னாலும் அட்டை பிடிக்கலாம் இல்ல?


குருசுக்குப்பம்காரன்
9 ஜனவரி 2025, இரவு 11:45

டீச்சர் கேட்டதுக்கு ரெண்டு தடவை பதில் சொல்லாம விட்டது தெரிஞ்சுதான் விட்டேன். இப்ப சொல்றேன்.

அம்மா இருக்கற வீட்டுக்கு மாடி போர்ஷன் உண்டு. ஒன்பது வருஷம் ஒரு குடும்பம் இருந்துச்சு. அவர் ஆட்டோ ஓட்டினார். அந்த அம்மா காலையில இட்லி போட்டு வித்தாங்க. மாசம் ஆறாயிரம், ஒரு மாசம் கூடத் தவறினதில்ல. எங்க அம்மா வழுக்கி விழுந்தப்போ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனது அவர்தான். 2019ல வீட்டை ரிப்பேர் பண்ணினேன். ஒரு சொந்தக்காரர், "ஒயிட் டவுன்ல இருந்து நடக்கற தூரம், நாள் வாடகைக்கு விட்டா ரெண்டு நாள்ல ஆறாயிரம் வந்துடும்"னார். கணக்குப் போட்டேன். காலி பண்ணச் சொன்னது நான்தான். போன்ல சொன்னேன். நேர்ல வந்து சொல்லல. அவர் "சரிங்க சார்"னு சொன்னார், மூணு மாசம் டைம் கேட்டார், ரெண்டு மாசத்துல போயிட்டார்.

காரைக்கால் தங்கச்சி எழுதின நாலாவது மாடிக் கதவைப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அம்மாவுக்கு 81 வயசு. மாடியில இப்ப வாரத்துக்கு ரெண்டு நாள் யாரோ வர்றாங்க, அஞ்சு நாள் பூட்டு. அம்மா ராத்திரி விழுந்தா தூக்க அந்த வீட்டுல ஆள் இல்ல. அப்படிப் பண்ணினவன் நான்தான். பிரான்ஸ்ல கோடைக்குக் கோடை முகம் தெரியாத கிழவிங்களுக்கு போன் போட்டு "தண்ணி குடிச்சீங்களா"ன்னு கேட்டவன்.

உள்ளாட்சித் தேர்தல் வேணும்னு நான் சொன்னதுல மாத்தமில்ல. கடலூர் தம்பி சொன்னதுக்கப்புறம் இன்னும் உறுதியாத்தான் சொல்றேன். ஆனா டீச்சர் கேட்டதும் அதே கேள்வியோட இன்னொரு பாதி. வார்டுல ஆள் வேணும்.

பிப்ரவரி கடைசி வரைக்கும் முன்பணம் வாங்கி இருக்கேன், அதைத் திருப்ப முடியாது. மார்ச்ல இருந்து மாடியை மாச வாடகைக்கு விடறேன்னு இன்னிக்கு அம்மாகிட்ட சொல்லிட்டேன். அந்த ஆட்டோக்காரர் நம்பர் அம்மாகிட்ட இருந்துச்சு. அவர்கிட்டதான் முதல்ல கேட்டேன். அவர் பசங்க ஸ்கூல் மாறிட்டாங்க, வர முடியாதுன்னுட்டார். மரியாதையாத்தான் பேசினார். அது இன்னும் வலிக்குது.


காரைக்கால் பொண்ணு, பாரிஸ்
10 ஜனவரி 2025, அதிகாலை 2:20

அண்ணா, ராத்திரி டியூட்டியில இருந்து எழுதறேன். அம்மா ரூம்ல ஒரு மணி வைங்க, கயிறு இழுத்தா மாடிக்குக் கேக்கற மாதிரி. குடி வர்றவங்ககிட்ட முதல் நாளே சொல்லிடுங்க. மார்ச் வரைக்கும் பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட ஒரு சாவி கொடுத்து வைங்க.


முத்தியால்பேட்டை டீச்சர்
10 ஜனவரி 2025, இரவு 8:40

சார், நீங்க எழுதினது சுலபமில்ல, தெரியும். ஆனா இப்பவே நம்பிட்டேன்னு சொல்ல மாட்டேன். ஒரு மாடி மாறினதால வைத்திக்குப்பம் வரைக்கும் பூட்டிக் கிடக்கற வீடுங்க திறந்துடாது. நாள் வாடகை வீட்டுக்கு எல்லை போடணும்னு சொல்ல ஒரு கவுன்சில் வேணும், அதுல நீங்க முதல்ல சொன்னதை நான் ஏத்துக்கறேன்.

வாடகை எவ்வளவு சொல்லப் போறீங்க? எங்க ஸ்கூல்ல சத்துணவு சமைக்கற அம்மா ஒருத்தங்க வீடு தேடிக்கிட்டு இருக்காங்க, புருஷன் இல்ல, ரெண்டு பசங்க. எட்டாயிரத்துக்கு மேல அவங்களால முடியாது. இட்லியும் போடுவாங்க.

உங்க தெருவுக்கு அடுத்த சந்துல என் மாணவங்க மூணு பேர் இருக்காங்க. மார்ச்ல அந்த மாடியில பூட்டு தொங்குதா, துணி காயுதான்னு எனக்குத் தெரிஞ்சிடும்.